இணைகோடுகள், குறுக்குவெட்டி: விடுபட்ட கோணத்தை வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகள் ஏழாம் வகுப்பு. ஒத்த கோணம், ஒன்றுவிட்ட உட்கோணம், குத்தெதிர்க் கோணம் எல்லாம் பெயரளவில் மனப்பாடம். ஆனால் படத்தைச் சாய்த்துப் போட்டாலோ, மூன்று நான்கு கோடுகள் சேர்ந்து வந்தாலோ, நடுவில் கோடு மடிந்தாலோ கணக்கு அப்படியே நின்றுவிடுகிறது. டியூஷனுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சரிசெய்ய வழி உண்டா என்பது கேள்வி.

உண்டு. பெயர்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். ஒரு குறுக்குவெட்டி இரண்டு இணைகோடுகளை வெட்டும்போது எட்டுக் கோணங்கள் உண்டாகும். அந்த எட்டுக்கும் இரண்டே அளவுகள்தான்: ஒன்று குறுகியது, மற்றது விரிந்தது. இரண்டையும் கூட்டினால் 180°. குறுக்குவெட்டி நேர் செங்குத்தாக நின்றால் மட்டும் எட்டும் 90° ஆகிவிடும். எட்டில் ஒன்று தெரிந்தால் மற்ற ஏழும் தெரிந்த மாதிரிதான். பிள்ளைக்கு இது முதலில் கண்ணால் தெரிய வேண்டும், பெயர் அப்புறம் வரட்டும்.

அதற்கு ஒரு வெள்ளைத் தாளும் 30 செ.மீ. ஸ்கேலும் போதும். ஸ்கேலைத் தாளில் வைத்து, அசைக்காமல் இரண்டு விளிம்பையும் ஒட்டி இரண்டு கோடு இழுக்கச் சொல்லுங்கள். ஸ்கேலின் விளிம்புகள் இணையாக இருப்பதால் கோடுகளும் இணையாகவே விழும். பிறகு இரண்டையும் வெட்டும்படி வலப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு. மேலே வெட்டும் இடத்தில் இடது மேல் மூலையில் தொடங்கிக் கடிகாரம் சுற்றும் திசையில் 1, 2, 3, 4 என்று எண் இடுங்கள். கீழே வெட்டும் இடத்தில் அதே வரிசையில் 5, 6, 7, 8. இப்போது ∠2-ஐ மட்டும் கோணமானியால் அளந்து, மற்ற ஏழையும் அளக்காமலே எழுதச் சொல்லுங்கள். ∠2 = 65° என்றால் 4, 6, 8 ஆகியவையும் 65°, 1, 3, 5, 7 நான்கும் 115°. எழுதி முடித்த பிறகு கோணமானியை வைத்துச் சரிபார்க்கட்டும். 64° அல்லது 66° வந்தால் கவலை வேண்டாம், பென்சில் கோட்டின் தடிப்புக்கே அவ்வளவு வித்தியாசம் வரும்.

ஆனால் 65° வர வேண்டிய இடத்தில் 115° என்று எழுதினால் அங்கே நிறுத்துங்கள். கோணமானியில் உள்வட்டம், வெளிவட்டம் என்று இரண்டு வரிசை எண்கள் இருக்கின்றன. தப்பான வரிசையைப் படித்தால் கிடைப்பது எப்போதுமே 180°-யிலிருந்து கழித்த எண். இந்தப் பாடத்தில் அந்த எண்ணும் படத்தில் இருக்கிற ஒன்றாகவே இருப்பதால் பிழை வெளியே தெரியாது. அளக்கும் முன்பே ‘இது 90-க்குக் கீழேயா மேலேயா’ என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தால் இந்தத் தப்பு நின்றுவிடும். கோணமானியின் நடுப்புள்ளி கோடுகள் வெட்டும் புள்ளியின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, 0° கோடு கோணத்தின் ஒரு கையோடு (கோணத்தை உண்டாக்கும் இரண்டு கோடுகளில் ஒன்றோடு) ஒட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெயர்கள். இணைகோடுகளுக்கு இடையில் இருக்கும் 3, 4, 5, 6 உட்கோணங்கள். வெளியே இருக்கும் 1, 2, 7, 8 வெளிக்கோணங்கள். இரண்டு சந்திப்பிலும் ஒரே மூலையில் இருப்பவை ஒத்த கோணங்கள்: 1-5, 2-6, 3-7, 4-8. குறுக்குவெட்டிக்கு அந்தப்புறம் ஒன்று, இந்தப்புறம் ஒன்று என்று உள்ளே இருப்பவை ஒன்றுவிட்ட உட்கோணங்கள்: 4-6, 3-5. அதுவே வெளியே என்றால் ஒன்றுவிட்ட வெளிக்கோணங்கள்: 1-7, 2-8. இவை எல்லாம் சமம். குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்து உட்கோணங்களான 3-6, 4-5 மட்டும் சமமில்லை. அவற்றைக் கூட்டினால் 180°, அதாவது மிகை நிரப்பு. பிள்ளைகள் அதிகம் வழுக்குவது இங்கேதான். ‘இணைகோடு வந்தாலே சமம்’ என்று மனத்தில் பதிந்துபோய் இதையும் சமமாக எழுதிவிடுவார்கள்.

ஆங்கில எழுத்துகளான இசட், எஃப், சி வடிவங்களைப் படத்தில் தேடச் சொல்வது பரவலான வழக்கம். தொடக்கத்திலேயே அதைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. படம் சாய்ந்தாலோ, எழுத்து இடவலம் மாறி விழுந்தாலோ பிள்ளைக்கு அது கண்ணில் படாது. அதைவிடக் கெடுதல், கோடுகள் இணையாக இல்லாத படத்திலும் இசட் வடிவம் தெரியும். அதைப் பார்த்ததும் சமம் என்று எழுதிவிடுவார்கள்.

எந்தப் படத்துக்கும் தவறாமல் செல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு கோணங்களை ஒப்பிடும்போது ஒவ்வொரு கோணத்தின் இரண்டு கைகளையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு கோணங்களுக்கும் பொதுவாக ஒரு கோடு இருக்கும். அதுதான் குறுக்குவெட்டி. மிச்சம் இருக்கும் இரண்டு கைகளும் இணைகோடுகளாக இருந்தாக வேண்டும். இருந்தால் விதியைப் பயன்படுத்தலாம், இல்லையென்றால் அந்த ஜோடியை விட்டுவிட வேண்டும்.

ஒரு சரிவகத்தில் இதைச் செய்து பாருங்கள். மேலே இடமிருந்து வலமாக க, ச. கீழே வலமிருந்து இடமாக ட, த. கச என்ற பக்கமும் தட என்ற பக்கமும் இணை, கத-வும் சட-வும் இணை இல்லை. கட என்று மூலைவிட்டம் வரையுங்கள். ∠சகட, ∠கடத இரண்டுக்கும் பொதுக்கோடு கட. மிச்சக் கைகள் கச, டத. அவை இணை, ஆகவே கோணங்கள் சமம். அடுத்து ∠தகட, ∠கடச. இவற்றுக்கும் பொதுக்கோடு கட-தான். ஆனால் மிச்சக் கைகள் கத, டச. இவை இணை என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே சமம் என்று எழுத முடியாது. தேர்வில் இந்த இரண்டாவது ஜோடியைச் சமமாக எழுதித்தான் நிறையப் பிள்ளைகள் மதிப்பெண் இழக்கிறார்கள். ‘மக்களே, பொதுக்கோடு எது, மிச்சக் கை ரெண்டும் எது?’ என்ற இந்த ஒரு கேள்வியை ஒவ்வொரு கணக்கிலும் கேளுங்கள். வேறு எதுவும் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் பாதிப் பிழைகள் போய்விடும்.

கோடுகள் இணை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? படத்தில் இரண்டு கோட்டிலும் ஒரே மாதிரி அம்புக்குறி இருக்கும், அல்லது கேள்வியில் ∥ குறியோ ‘இணை’ என்ற சொல்லோ இருக்கும். படத்தில் இணையாகத் தெரிகிறது என்பது கணக்கில் எடுபடாது.

இதை நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ரப்பர் மரத்திலேயே காட்டலாம். குலசேகரம், திருவட்டாறு பக்கம் என்றால் தூரம் போக வேண்டியதில்லை. புதிதாகப் பால்வெட்டத் தொடங்கும் ஒட்டுமரத்தில் (ஒட்டுக்கட்டி வளர்த்த மரம்) முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு செங்குத்துக் கோடுகள் கீறி மரத்தின் சுற்றளவைச் சரிபாதியாகப் பிரிப்பார்கள். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, கிடைமட்டத்துக்கு 30° சாய்வில் ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோட்டுக்கு வரும். பட்டையை மனத்தில் உரித்து மேசையில் விரித்துப் போடுங்கள். இரண்டு செங்குத்துக் கோடுகளும் இணைகோடுகள், வெட்டு அவற்றின் குறுக்குவெட்டி. கிடைமட்டத்துக்கு 30° என்றால் செங்குத்துக் கோட்டோடு 60°. வெட்டின் மேல் நுனியில், வெட்டுக்குக் கீழே இருக்கும் கோணம் 60°. பால் சிரட்டைக்கு இறங்கும் கீழ் நுனியில், வெட்டுக்கு மேலே இருக்கும் கோணமும் 60°. இவை ஒன்றுவிட்ட உட்கோணங்கள். அதே பக்கத்தில் மிச்சம் இருப்பவை 120°.

அடுத்தடுத்த நாள் வெட்டும்போது மெல்லிய சீவலாகப் பட்டை போகும், வெட்டு கொஞ்சம் கீழே இறங்கும். புது வெட்டு பழையதற்கு இணையாக இருக்கிறதா என்பதை அந்தச் செங்குத்துக் கோட்டோடு உண்டாகும் ஒத்த கோணத்தை வைத்தே சொல்லிவிடலாம். கோணம் 60° ஆகவே இருந்தால் சரி. சாய்வு குறைந்து வெட்டு படுத்துவிட்டால் பால் வெட்டுவாயை விட்டு வழிந்து பட்டையில் ஓடிவிடும். சாய்வு கூடிவிட்டால் வெட்டு அடிமரத்தை எட்டும்போது பயன்படாத பட்டை நிறைய மிஞ்சி வீணாகும். சாய்வைக் குறிக்கத் தகட்டில் செய்த டெம்ப்ளேட் வைப்பது இதற்காகத்தான்.

இன்னொன்றும் இதில் கவனிக்க வேண்டும். ஒட்டுமரம் ஏறக்குறைய உருளையாக வளரும், அதனால்தான் மேலே சொன்ன கோடுகள் இணையாக இருக்கின்றன. விதையிலிருந்து நேரடியாக வளர்ந்த மரம் மேலே போகப் போகச் சிறுக்கும், கூம்பு மாதிரி. அதன் பட்டையை விரித்தால் இரண்டு கோடுகளும் மேலே நெருங்கி வரும், இணையாக இருக்காது. அந்த மரத்துக்கு வெட்டுச் சாய்வே 25° என்று வேறாக வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு நுனிக் கோணங்களையும் அச்சாகச் சமம் என்று சொல்ல முடியாது. இணை போனால் சமமும் போய்விடும் என்பதற்கு இதைவிடக் கைக்கெட்டும் உதாரணம் தேட வேண்டாம்.

அடுத்தது தெரியாத எண் வரும் கணக்குகள். தெரியாத எண்ணை ‘ய’ என்று வைப்போம். ஒரு கோணம் 3ய + 10, இன்னொன்று 5ய − 30. இவை ஒன்றுவிட்ட உட்கோணங்களாக இருந்தால் சமம். 3ய + 10 = 5ய − 30, ஆகவே 2ய = 40, ய = 20. இரண்டு கோணமும் 70°. அதே இரண்டும் ஒரே பக்கத்து உட்கோணங்களாக இருந்தால் கூட்டுத்தொகை 180°. 8ய − 20 = 180, ய = 25. கோணங்கள் 85°, 95°. இரண்டு விடையும் முழு எண், இரண்டும் பார்க்கச் சுத்தமாக இருக்கின்றன. பிள்ளை எந்தச் சமன்பாட்டை எழுதினாலும் திரும்பப் போட்டுச் சரிபார்த்தால் சரியாகவே வரும். ஏனென்றால் சரிபார்ப்பது தான் எழுதிய சமன்பாட்டைத்தான், படத்தை அல்ல. எனவே சமமா 180-ஆ என்பதை எண்ணைத் தொடும் முன்பே படத்தைப் பார்த்து முடிவு செய்து, காரணத்தை எழுதிவிட்டுத்தான் சமன்பாட்டுக்குப் போக வேண்டும். ய = 20 என்று கண்டதும் அதையே கோணம் என்று எழுதி நிறுத்துவதும் அடிக்கடி நடக்கும். கேள்வி கேட்டது ய-வையா கோணத்தையா என்று கடைசியில் ஒருமுறை திரும்பிப் படிக்கட்டும்.

கோடு நடுவில் மடியும் கணக்குக்குத் தந்திரம் ஒன்றுதான்: மடியும் புள்ளி வழியாக மூன்றாவதாக ஓர் இணைகோடு வரைய வேண்டும். படத்தில் இல்லாத கோட்டை நாமே வரையலாம் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. தாராளமாக வரையலாம், புள்ளிக்கோடாகப் போட்டு ‘இணையாக வரைக’ என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மேல் கோட்டில் க, கீழ்க் கோட்டில் ட, இரண்டுக்கும் நடுவில் வலப்பக்கம் தள்ளி ச. க-விலிருந்து ச-வுக்கும் அங்கிருந்து ட-வுக்கும் கோடு. மேல் கோட்டின் வலப்பக்கத்தோடு கச உண்டாக்கும் கோணம் 40°, கீழ்க் கோட்டின் வலப்பக்கத்தோடு டச உண்டாக்கும் கோணம் 35°. ச வழியாக இடப்பக்கம் நோக்கி இணைகோடு வரைந்தால் ∠கசட இரண்டு துண்டாகும். மேல் துண்டு 40°, கீழ்த் துண்டு 35°, இரண்டுமே ஒன்றுவிட்ட உட்கோண விதியால். விடை 75°.

ச இடப்பக்கம் தள்ளி இருந்தால் கதை வேறு. மேலே 130°, கீழே 120° கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இணைகோட்டை வலப்பக்கம் நோக்கி வரைய வேண்டும். துண்டுகள் ஒரே பக்கத்து உட்கோணங்கள் ஆகும்: 180 − 130 = 50, 180 − 120 = 60. விடை 110°. இந்த வகையில் மூன்று கோணங்களையும் கூட்டினால் எப்போதும் 360° வரும் (130 + 110 + 120), சரிபார்க்க அது உதவும். ‘கூட்டினால் விடை’ என்று முதல் வகையை மட்டும் சூத்திரமாக மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே 250° என்று எழுதும். சூத்திரம் வேண்டாம், கோடு வரையட்டும். இரண்டு மூன்று மடிப்பு வந்தாலும் ஒவ்வொரு மடிப்புக்கும் ஓர் இணைகோடு, அவ்வளவே. முக்கோணத்தின் மூன்று கோணங்கள் சேர்ந்து 180° என்பதையும் உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணைகோடு வரைந்துதான் நிறுவுகிறோம். இந்தப் பழக்கம் பத்தாம் வகுப்பு வரை கைகொடுக்கும்.

விடைத்தாளில் எழுதும் முறை. எட்டுக் கோணப் படத்தில் ∠2 கொடுத்து ∠5 கேட்டால்:

∠2 = 65° (கொடுக்கப்பட்டது)
∠6 = ∠2 = 65° (ஒத்த கோணங்கள்)
∠5 + ∠6 = 180° (நேரிய கோண இணை)
∠5 = 180° − 65° = 115°

ஒரு வரிக்கு ஒரு காரணம். நேரிய கோண இணைக்கும் (ஒரே நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கோணங்கள்) குத்தெதிர்க் கோணத்துக்கும் (சந்திப்பில் எதிரெதிரே இருப்பவை) இணைகோடு தேவையில்லை. அவை ஒரே சந்திப்பில் நடப்பவை, எந்த இரண்டு கோடு வெட்டினாலும் பொருந்தும். மேல் சந்திப்பிலிருந்து கீழ்ச் சந்திப்புக்குத் தாவும் வரிக்கு மட்டுமே இணை என்ற ஆதாரம் வேண்டும். அந்த வரியைப் பிள்ளை சுட்டிக்காட்டிவிட்டால் பாடம் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

விதியைத் தலைகீழாகப் போடும் கேள்வியும் வரும்: கோணங்களைக் கொடுத்து, கோடுகள் இணையா என்று கேட்பார்கள். ஒத்த கோணங்கள் 72°, 72° என்றால் இணை. 72°, 73° என்றால் இல்லை, எங்கேயோ தொலைவில் வெட்டிக்கொள்ளும். பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் வடிவியல் நூல்களில் இந்த இரண்டையும் தனித்தனியாகவே நிறுவியிருக்கிறார். கோணம் சமமானால் இணை என்பது முதல் நூலின் 27, 28-ஆம் கூற்றுகள். இணையானால் கோணம் சமம் என்பது 29-ஆம் கூற்று, புகழ்பெற்ற ஐந்தாம் எடுகோளை (இணைகோடுகள் பற்றி நிறுவாமலே ஏற்றுக்கொண்ட அடிப்படைக் கூற்றை) அவர் முதன்முதலாகப் பயன்படுத்துவது அதில்தான். ‘இணை என்பதால் சமம், சமம் என்பதால் இணை’ என்று ஒரே விடையில் சுற்றிச் சுற்றி எழுதக் கூடாது.

பிள்ளைக்குப் பிடித்துவிட்டால், இதே ஒன்றுவிட்ட உட்கோண விதியால் உங்கள் ஊரின் அட்சரேகையை அளக்கலாம். சூரியன் சுமார் 15 கோடி கி.மீ. தொலைவில் இருப்பதால் பூமிக்கு வரும் கதிர்களை இணைகோடுகள் என்றே கொள்ளலாம். மார்ச் 20, 21 வாக்கில் நிலநடுக்கோட்டில் நண்பகல் கதிர் நேரே பூமியின் மையத்தை நோக்கி இறங்கும். நம் ஊரில் செங்குத்தாக நட்ட கம்பைக் கீழே நீட்டினால் அதுவும் மையத்துக்குத்தான் போகும். அந்தக் கம்புதான் குறுக்குவெட்டி. கம்பின் உச்சியில் கதிர் உண்டாக்கும் கோணமும், மையத்தில் நிலநடுக்கோட்டுக்கும் நம் ஊருக்கும் இடையே உள்ள கோணமும் சமம். இரண்டாவது கோணம்தான் அட்சரேகை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் பூமியின் சுற்றளவைக் கணித்ததும் இதே விதியால்தான். சையீன், அலெக்சாந்திரியா ஆகிய எகிப்திய நகரங்களுக்கு இடையே அவருக்குக் கிடைத்தது வட்டத்தில் 50-இல் ஒரு பங்கு, அதாவது 7.2°.

கன்னியாகுமரி முனை ஏறக்குறைய 8°5′ வடக்கு. அங்கே 1 மீட்டர் கம்புக்கு அந்த நாளின் நண்பகலில் நிழல் வடக்கே 14 செ.மீ. அளவுக்கு விழும். மார்த்தாண்டம் கொஞ்சம் வடக்கே, 8.3° அளவில் இருப்பதால் பதினாலரை செ.மீ. பக்கம் வரும். கடிகாரத்தில் 12 மணி என்பது இங்கே சூரியனின் உச்சிப்பொழுது அல்ல. மார்ச் 20-இல் அது சுமார் 12.27-க்கு வரும், செப்டம்பர் 23 வாக்கிலும் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும், அப்போது செய்தால் சுமார் 12.12. அந்த நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே தொடங்கி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறித்துக்கொண்டே போய், இருப்பதில் குட்டையான நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் 20 செ.மீ. உயரம், 2.9 செ.மீ. அடி என்று செங்கோண முக்கோணம் வரைந்து உச்சிக் கோணத்தை அளந்தால் 8° கிடைக்கும். தரை மட்டமாக இருக்க வேண்டும். கம்பைத் தூக்குக்குண்டு கட்டி நிமிர்த்துங்கள். வடக்கு தெற்காக அது 1° சாய்ந்தாலே நிழலில் சுமார் 1.7 செ.மீ. பிழை வரும். நாள் ஒன்று தள்ளிப்போனால் வரும் பிழை அதைவிடக் குறைவு, 7 மி.மீ. அளவுதான்.